கடல் தாண்டாத கட்டுத்துணி

எங்கள் ஊரில் யாரும் கட்டுத்துணியைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. ராஜபாளையத்தில் இருந்து சத்திரப்பட்டி வரைக்கும் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம்தான். அந்தத் தறிகளில் பல நெய்வது ஆஸ்பத்திரிக்குப் போகும் மெல்லிய துணி. படித்தவர்கள் காஸ் என்பார்கள், நாங்கள் பேண்டேஜ் துணி என்போம். அறுத்துப் போட்ட துண்டு எல்லா வீட்டிலும் கிடக்கும். காப்பி வடிகட்ட அதுதான், ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்ட அதுதான், சளி பிடித்த பிள்ளைக்கு மூக்குத் துடைக்க அதுதான். அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் அதையே சுற்றிக்கொண்டு மறுபடி வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவோம். ஊர் ஊராகக் காயம் கட்ட அனுப்புகிற இடத்தில், அதை ஒரு மருந்துப் பொருள் என்று நினைக்கிறவர் ஒருவரும் இல்லை.

நான் அப்படியொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தறியில் இருந்து வருகிற துணி பழுப்பாக, மொடமொடவென்று இருக்கும். அதற்குக் கோரா என்று பெயர். நெய்யும்போது நூல் அறுந்துவிடாமல் இருக்கப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். அதைச் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசிக் காயவைத்த பிறகுதான் அது காயத்தின் மேல் வைக்கிற துணி ஆகிறது. வெளுத்து வந்ததில் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீர்ச் சட்டியில் போட்டுப் பார்ப்பது என் வேலை. நல்ல துணி உடனே தண்ணீரைக் குடித்து அடியில் போய்ப் படுத்துவிடும். சரியாக வேகாதது மேலேயே மிதக்கும். மிதந்தால் லாட்டை, அதாவது அந்தத் தடவை வந்த சரக்கு மொத்தத்தையும், திருப்பி அனுப்புவேன். பிளீச்சிங்காரர் என்னைத் திட்டுவார், நான் அவரைத் திட்டுவேன். அன்றாடம் நடக்கிற சண்டை அது.

எனக்கு ஒரே அக்கா. இலங்கையில், மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். நானும் அங்கே பிறந்தவள்தான். இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, கொழுந்து கிள்ளுகிற தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி எல்லோரும் இந்தியப் பங்கு. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் புருஷன் வீட்டார் இலங்கைப் பங்கு. அதனால் அவளும் அந்தப் பங்கில் போய்விட்டாள். ஆட்டு மந்தையைப் பிரிக்கிறவன்கூட குட்டியைத் தாயோடு விடுவான். இவர்களுக்கு அந்த ஈரமும் இல்லை. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்தோம். பிறகு நூல் மில்லில் வேலை இருக்கிறது என்று எங்களை ராஜபாளையம் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். தெருவில் எங்களுக்கு ‘சிலோன்காரவிய’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர் போகவில்லை.

பிறகு வெகுகாலம் கழித்து அதே இரண்டு நாடுகள் இன்னொரு ஒப்பந்தம் போட்டன. இது சரக்குக்கு. பல பொருளுக்கு வரி இல்லை, சிலவற்றுக்கு வரி பாதி என்றார்கள். எங்கள் கம்பெனிக்கும் கொழும்பில் இருந்து ஆர்டர் வர ஆரம்பித்தது. பெட்டியின் மேல் கொழும்பு என்று ஒட்டியிருந்ததை முதல்முறை பார்த்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. சாயந்தரம் அக்காவுக்குப் போன் போட்டு, “அக்கா, நான் தொட்ட துணி உங்க ஊருக்கு வருது” என்றேன். அக்கா சிரித்தாள். “துணி வருதுல்ல புள்ள? அப்ப நீயும் ஒரு பெட்டிக்குள்ள ஏறிக்க. வரி கெடையாதாம்” என்றாள். அவள் வாய் அப்படி.

அவள் இங்கே வந்தது ஒரே ஒரு தடவைதான், தம்பி கல்யாணத்துக்கு. கடன் வாங்கித்தான் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பால்கோவாவை இலையோடு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இத எப்புடிப் புள்ள தின்னு தீர்க்குறது, வீட்டுக்குக் கொண்டு போறேன்” என்று அழுதாள். அதற்குப் பிறகு வரவில்லை. எனக்கும் அங்கே போக வாய்க்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்கப் போனால், பிறந்த இடம் இலங்கை என்றதும் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். சலித்துப்போய் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் போனில்தான்.

அந்த நாடு நொடித்துப் போன வருடம் அக்காவுக்குக் காலில் புண் வந்தது. அவளுக்கு ஏற்கனவே சர்க்கரை. கொழுந்து எடுக்கும்போது மரத்துப்போன பாதத்தில் கட்டைக் குச்சி குத்தியிருக்கிறது. அட்டைக் கடி என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் மகள்தான் ஒரு நாள் போனில் சொன்னாள்.

“சித்தி, அம்மா கால் வீங்கிருக்கு. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தெனம் கழுவிக் கட்டுனா கால் பொழைச்சுக்கும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா கட்டுறதுக்கு அங்க துணி இல்லையாம். நீங்களே வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க.”

“கடையில வாங்குடி.”

“கடையிலயும் இல்ல சித்தி. ஒரு கடையில இருந்துச்சு. அந்த வெலைக்கு நாங்க ஒரு வாரம் சோறு திங்கலாம்.”

அந்த நிமிஷம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், கம்பெனி கோடவுனில், கொழும்புக்குப் போக வேண்டிய பேண்டேஜ் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. நானே செக் பண்ணின துணி. பல வாரமாக அப்படியே கிடந்தது.

நேராக முதலாளியிடம் போனேன். அவர் போனில் யாரிடமோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். வைத்ததும் கேட்டேன்.

“சார், கொழும்புச் சரக்கு ஏன் இன்னும் போகல?”

“எங்கம்மா போறது? அந்த ஊர் பேங்க் எல்.சி. தர மாட்டேங்குது.”

எல்.சி. என்றால், சரக்கு வந்தால் பணம் கட்டாயம் வரும் என்று வாங்குகிறவருடைய வங்கி எழுதிக் கொடுக்கிற உறுதி. அது இல்லாமல் எந்த முதலாளியும் பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்.

“ஏன் தர மாட்டேங்குது?”

“அவங்ககிட்ட டாலர் இல்லம்மா.”

“டாலர் எதுக்கு சார்? எனக்கு நீங்க ரூவாயிலதான சம்பளம் குடுக்கீய? அங்க இருக்கவியளும் ரூவாதான வச்சிருக்காவ? ரெண்டு ரூவாக்காரனுக்கு நடுவுல அமெரிக்காக்காரன் என்னத்துக்கு?”

முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“அவங்க ரூவா இங்க செல்லாது, நம்ம ரூவா அங்க செல்லாது. பக்கத்து ஊர்தான். ஆனா காசு உலகத்தச் சுத்தித்தான் வரணும். இத நீங்க டெல்லியில போயிக் கேளுங்க. நானும் கூட வாரேன்.”

தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினால் மறுநாள் போய்ச் சேருகிற நாடு. வரி இல்லை, தடை இல்லை, தலைவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றி இருக்கிற நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்களாம். அது கூடியே பல வருஷம் ஆகிறதாம், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாம். முதலாளிதான் சொன்னார். என்ன எழவுக் கூட்டமைப்பு! எங்கள் தெருவில் குழாயடிச் சண்டை போட்டவர்கள்கூட சாவு என்றால் வந்து நிற்பார்கள்.

என் அக்கா காலுக்குக் கொஞ்சம் துணி கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். கொழும்புப் பெட்டியை உடைக்க முடியாது, ஒன்றைப் பிரித்தால் லாட்டே கெட்டுவிடும் என்றார். ஆனால் நல்ல மனுஷன். “செகண்ட்ஸ்ல வெளுத்த துணி எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோங்க. கரை கோணலா இருக்கும், அவ்வளவுதான். துணியில குத்தம் இல்ல” என்றார். எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அடுக்கி, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன்.

கூரியர்காரன் பையைத் தூக்கிப் பார்த்தான். “என்னக்கா இது?”

“பேண்டேஜ்.”

“அப்ப எடுக்க மாட்டோம். இது மருந்துக் கணக்கு. மருந்து வெளிநாட்டுக்குப் போகணும்னா லைசென்சு வேணும், டாக்டர் சீட்டு வேணும், அந்த ஊர்லயும் பெர்மிஷன் வேணும்.”

“துணிதானப்பா இது?”

“கோரான்னா துணி. வெளுத்துட்டா மருந்து. சட்டம் அப்படி.”

இன்னும் இரண்டு இடத்தில் கேட்டேன், அதே பதில். வன்னியம்பட்டி விலக்கில் பஸ்சுக்கு நின்றுகொண்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். வெட்கமாக இல்லை. ஆத்திரமாக இருந்தது.

என் தம்பிக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தறி இருக்கிறது. கொழும்பு ஆர்டர் நின்றதும் எங்கள் கம்பெனி அவனுக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பதைக் குறைத்துவிட்டது. பாதித் தறி சும்மா நின்றது. அங்கே டாலர் இல்லை என்றால் இங்கே இவன் வீட்டில் கறிக்குழம்பு இல்லை. அவனிடம் நடந்ததைச் சொன்னேன். அக்காவை அவன் பார்த்ததே இரண்டு மூன்று வாரம்தான், அதுவும் அவன் கல்யாணத்தில். ஆனால் அவள் பேரைச் சொன்னால் உருகிவிடுவான்.

“நீ விடுக்கா. நான் பாத்துக்கிடுதேன்” என்றான்.

“என்னலே பாப்ப?”

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு குருவி இருக்காவ. அவிய மூலமா அனுப்புவோம்.”

குருவி என்றால், விமானத்தில் சேலையும் நைட்டியும் கொண்டுபோய்க் கொழும்பில் விற்றுவிட்டு, வரும்போது கிராம்பும் சோப்பும் கொண்டுவருகிறவர்கள். அந்தக் கஷ்ட காலத்திலும் அவர்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில் உருப்படியாக நடந்த வியாபாரம் அது ஒன்றுதான் என்பேன். என் பையை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு நெஞ்சில் இருந்து பாறாங்கல்லை இறக்கினது போல இருந்தது.

அதற்குள் இங்கே இருந்து இலங்கைக்கு அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலில் அனுப்பினார்கள். பேப்பரில் படம் வந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அக்கா தோட்டத்துக்கும் அரிசி போய்ச் சேர்ந்தது. “ஒங்க ஊரு அரிசி புள்ள, சாக்குல தமிழ்ல எழுதிருக்கு. சோத்துக்கு முன்னால சாக்கத்தான் மோந்து பாத்தேன்” என்றாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “இருக்கு, இருக்கு” என்றாள். அவள் இரண்டு தடவை சொன்னால் சரியில்லை என்று அர்த்தம்.

கொஞ்ச நாளில் அக்கா மகள் வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“சித்தி, துணி வந்து கட்டிக்கிட்டு இருக்கோம்! மாமா பெரிய ரோலாவே அனுப்பிட்டாரு. நல்லாத் தடிப்பா இருக்கு. வந்ததுல இருந்து தெனம் ரெண்டு வேளை மாத்துறேன்.”

ரோலா? நான் கொடுத்தது மடித்த துண்டுகள். “எங்க காட்டு” என்றேன். போனைத் திருப்பினாள். தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையின் மங்கின வெளிச்சத்தில் அக்கா பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் பெரிய கட்டு. பழுப்பு நிறம். வெளிச்சம் சரியில்லையோ என்று நினைத்தேன்.

“ஏட்டி, கிழிச்சு ஒரு துண்டு எடு. ஒரு சட்டியில தண்ணி எடுத்து அதுல போடு. போனை அது பக்கமா வையி.”

“எதுக்கு சித்தி?”

“போடுடி சொல்லுதேன்.”

போட்டாள். துண்டு தண்ணீரின் மேல் விறைப்பாகப் படுத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். திரும்பவும் மேலே வந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “மெதக்குது சித்தி. நல்லதுதானே?” என்றாள்.

என்ன நடந்தது என்று தம்பியிடம் கேட்டேன். குருவி அம்மாவும் என் பையைப் பார்த்ததும், வெளுத்ததை எடுக்க மாட்டேன், ஏர்போர்ட்டில் பிடித்தால் மருந்துக் கடத்தல் என்று தன் சேலையெல்லாம் போய்விடும், துணி என்றால் கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இவன் யோசிக்கவே இல்லை. தன் தறியில் அறுத்து வைத்திருந்த கோராவை ரோலாகச் சுற்றிக் கொடுத்துவிட்டான். கஞ்சியோடு.

போனிலேயே கத்தினேன். “அறிவு இருக்காலே ஒனக்கு? கஞ்சித் துணியப் புண்ணுல கட்டலாமா? அது சீழைக் குடிக்காது. உள்ளயே ஊற வச்சு அழுக வைக்கும்லே!”

“நாம எல்லாம் அதத்தானக்கா கட்டுதோம்?” என்றான். அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டது. “என் கையி தறியில மாட்டுனப்ப நீயே அதத்தான சுத்திவிட்ட?”

“நமக்குச் சுகர் இல்லலே, நாசமாப் போறவனே!”

சொல்லிவிட்டேன். அவன் சொன்னது உண்மைதான். அவனுக்கு மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் அறுத்துக் கொடுத்திருப்பார்கள். செக்கிங்கில் தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்களைப் போலச் சிலருக்குத்தான் அந்த வித்தியாசம் பெரிது. ஊருக்கு அது ஒரே துணி.

அக்கா மகளிடம் சொன்னேன்: அந்தத் துணியை அப்படியே கட்டாதே, துணி துவைக்கிற சோடா போட்டு நன்றாக வேகவை, கஞ்சி போகிற வரைக்கும் அலசு, வெயிலில் காயவை, தண்ணீரில் போட்டால் முங்க வேண்டும், முங்கினால்தான் கட்டு. அவள் எல்லாவற்றுக்கும் “சரி சித்தி” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“கேஸ் இல்ல சித்தி. மண்ணெண்ணெய்க்கு வரிசையில நின்னா முடிஞ்சிருச்சுங்குறாங்க. வெறகு இருக்கு, மழையில நனைஞ்சு கெடக்கு. வெயிலு எங்க இருக்கு இங்க?”

ஒரு சட்டி கொதிக்க வைக்க வழி இல்லாத நாடாக அதை ஆக்கி வைத்திருந்தார்கள். எரிவாயுவுக்கும் டாலர் வேண்டும், ஊசி மருந்துக்கும் டாலர் வேண்டும், துணிக்கும் டாலர் வேண்டும். அந்த டாலரை அக்கா வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளி அந்த நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார்கள். தேயிலை போய்த்தானே டாலர் வந்தது? அதை யார் தின்றார்கள் என்று கேட்க அவர்களுக்கு நாதி இல்லை.

அக்கா மகள் விட்டுவிடவில்லை. ஈர விறகை ஊதி ஊதி, துண்டு துண்டாக வேகவைத்தாள். ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டு எனக்கு வீடியோவில் காட்டினாள். முங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் ‘அப்பாடா’ என்போம். அப்படிக் கொஞ்ச நாள் போனது. ஆனால் ஊசி மருந்து பாதி நாள் கிடைக்கவில்லை. ஒரு நாள் அக்காவின் பெருவிரல் கறுத்துவிட்டது. பிறகு பாதம். டவுன் ஆஸ்பத்திரியில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டிக்குப் பெட்ரோல் கிடைக்கவே ஒரு பகல் ஆனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தம்பியிடம் போய்ச் சொன்னேன். தறிக்கூடத்தில், நின்றுபோன தறியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். “நான்தானக்கா எடுத்தேன் அவ கால?” என்றான்.

இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் எனக்குத் தெரியாது. சர்க்கரை எடுத்ததா, கஞ்சி எடுத்ததா, டாலர் எடுத்ததா, யார் பிரித்துச் சொல்வது? அக்கா மகளிடம் சொன்னேன், மாமா இப்படி நினைத்து மருகுகிறான் என்று. அவள் சட்டென்று சொன்னாள்.

“அந்தத் துணி வர்றதுக்கு முந்தி என்னத்தக் கட்டுனோம்னு நெனைக்கிறீங்க சித்தி? பழைய சேலையக் கிழிச்சுக் கட்டுனோம். மாமா ஒருத்தருதான் எதையாச்சும் அனுப்பி வச்சாரு. வேற யாரு அனுப்புனா? அழ வேணாம்னு சொல்லுங்க.”

அவனிடம் அப்படியே சொன்னேன். “எனக்காகச் சொல்லுதா” என்றான். அப்புறம் தறிச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஆம்பளை என்றுகூடப் பார்க்காமல் ஏங்கி ஏங்கி அழுதான். நானும் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சுற்றி எந்தத் தறியும் ஓடாததால் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிறகு அந்த நாட்டுக்கு எங்கெங்கோ இருந்து கடன் கிடைத்தது. நம் நாடும் கொடுத்தது. எல்.சி. வர ஆரம்பித்தது. கொழும்புக்காரர் பழைய பெட்டிகளை முதலில் கேட்டார். ரொம்ப நாள் கிடந்ததால் பிரித்து, மறுபடி செக் செய்து, மறுபடி பேக் பண்ண வேண்டும். அது என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொரு பெட்டியில் இருந்தும் துண்டு நறுக்கித் தண்ணீரில் போட்டேன். போட்ட கையோடு முங்கியது. ஒன்றுகூட மிதக்கவில்லை. அத்தனையும் அருமையான துணி. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஓவர்டைம் வந்தது, தம்பி தறியெல்லாம் ஓடியது, அவன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினான். முதலாளி எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் என்ன செய்ய?

தலைவர்கள் மறுபடி வந்தார்கள், போனார்கள். பாலம் போடுவோம், கடலுக்கு அடியில் கரண்ட் கொண்டுபோவோம், குழாயில் எண்ணெய் விடுவோம், இனி ரூபாயிலேயே வியாபாரம் செய்வோம் என்றெல்லாம் டிவியில் சொன்னார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா, நீங்க அன்னைக்குக் கேட்டதத்தான் இப்பப் பேசுறாங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் போன பிறகு எதற்கு?

அதன் பிறகு ஒரு நாள், நாகப்பட்டினத்தில் இருந்து இலங்கையில் உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் எடுத்த பிறகு அக்கா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை, ஊன்றுகோலைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் மகள் புலம்பிக்கொண்டிருந்தாள். இங்கே கொண்டுவந்து என்னோடு வைத்துக்கொண்டால், மதுரையில் ஒரு செயற்கைக் கால் மாட்டிவிடலாம். முதலாளியும் உதவுகிறேன் என்று சொல்லியிருந்தார். உடனே போன் போட்டேன்.

“அக்கா, கப்பல் விட்டுட்டாவ. பிளேன் அளவுக்குக் காசு ஆகாது. மகளும் நீயும் விசா எடுத்துட்டு வாங்க. நானும் தம்பியும் நாகப்பட்டினத்துக்கே கார் எடுத்துட்டு வாரோம்.”

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கப்பல்ல ஏறுறதுக்கு ஏணி வச்சிருப்பாங்களா புள்ள, பலகை போட்டிருப்பாங்களா?”

டிவியில் கொடி அசைத்தவர்களைக் காட்டினார்கள், கைதட்டியவர்களைக் காட்டினார்கள். ஜனம் ஏறுகிற இடத்தை நான் கவனித்துப் பார்க்கவில்லை.

“விசாரிச்சுச் சொல்லுதேன் அக்கா.”

“விசாரி. பலகைன்னா வந்துருவேன். ஏணின்னா முன்னாடியே சொல்லிரு. ஆசப்பட்டுட்டு அப்புறம் ஏமாற முடியாது எனக்கு.”

தெரிந்தவரைப் பிடித்து, அவருக்குத் தெரிந்தவரைப் பிடித்து, நாகப்பட்டினத்தில் ஒருவருடைய நம்பர் வாங்கினேன். அவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். நல்லபடியாகப் பேசினார். ஏறுகிற இடத்தைப் பற்றிக் கேட்டேன்.

“எந்தக் கப்பலம்மா கேக்குறீங்க?” என்றார். “அது நின்னு போச்சே. மழைக்காலம்னு சொன்னாங்க, ஆளும் ஏறலன்னு சொல்றாங்க. மறுபடி எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது.”

அன்றைக்கு நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அடுத்த நாளும் செய்யவில்லை. பிறகு அங்கே இருந்தே போன் வந்தது. அக்கா மகள்.

“சித்தி, அம்மா நேத்து ஊன்றுகோல் பிடிச்சு வாசல் வரைக்கும் நடந்துச்சு! கப்பலுக்குப் பழகணுமாம். பைகூடக் கட்டி வச்சுருச்சு. ஏணியா, பலகையான்னு கேக்கச் சொல்லுது.”